நூலும் மண்டபமும்: கன்னிமரா பொது நூலகக் கட்டடத்தில் வாசகரின் இடம்

தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் சென்னை எழும்பூர்ப் பாந்தியன் சாலையிலுள்ள கன்னிமரா பொது நூலகத்தை அறியாதிருத்தல் அரிது. ஆயின் அவர்கள் அறிந்திருப்பது நூலகத்தையே அன்றி, அது முதன்முதலில் குடிபுகுந்த கட்டடத்தை அன்று. சுற்றுலா வழிகாட்டிகளும் நூற்றாண்டு மலர்களும் அக்கட்டடத்தைப் பற்றி எழுதும்போது வண்ணக் கண்ணாடி, தேக்கு மரச் செதுக்கல், உயர்ந்த வளைவுகள் எனப் புகழ்ந்துரைத்து நின்றுவிடுகின்றன. அம்மண்டபம் எத்தகைய வாசகரை மனத்திற்கொண்டு எழுப்பப்பட்டது, அவ்வாசகர் மாறியபோது கட்டடம் என்னவாயிற்று என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படவில்லை. ஒரு நூலகக் கட்டடம் நூலுக்கும் மாந்தருக்கும் இடையிலான உறவைப் பற்றிய ஒரு கருத்தைச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதிவைக்கிறது. கன்னிமரா மண்டபம் எழுதிவைத்த கருத்து, நூல் பார்க்கத்தக்க அரும்பொருள் என்பதாகும். அந்நூலகம் பொதுமக்களுக்குரியதாக வளர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் அம்மண்டபத்தைக் கடந்து வெளியே செல்ல வேண்டியதாயிற்று என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இடமும் பெயரும்

இன்று அருங்காட்சியகமும் நூலகமும் நிற்கும் நிலம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயரின் கேளிக்கைக் கூடமாக இருந்தது. ஹால் பிளமர் என்னும் கும்பினி அலுவலரிடமிருந்த இவ்விடம், நகரின் ஐரோப்பியருக்கான விருந்துகளும் நடனங்களும் நிகழும் ‘பாந்தியன்’ ஆக விளங்கியது. 1821இல் ஆர்மீனிய வணிகரான மூரட் என்பவர் கைக்கு மாறிய இந்நிலத்தையும் கட்டடத்தையும் 1830இல் அரசு 28,000 ரூபாய்க்கு வாங்கியது. சிறிது காலம் கலெக்டர் கச்சேரியாக இருந்த பின்னர், 1854இல் எட்வர்டு பால்பர் தம் பொறுப்பிலிருந்த அருங்காட்சியகத்தை இங்குக் கொண்டுவந்தார். கேளிக்கை, கச்சேரி, காட்சிச்சாலை என்னும் இவ்வரிசையின் இறுதியிலேயே நூலகம் வந்து சேர்கிறது.

நூலகத்தின் தொடக்கம் தற்செயலானது என்றே கூறலாம். இந்தியாவில் பணிபுரிய வரும் ஆங்கில அலுவலரைப் பயிற்றுவித்த இங்கிலாந்தின் எயில்பரிக் கல்லூரி 1858இல் மூடப்பட்டது. அக்கல்லூரியின் மிகுநூல்கள் கடல்கடந்து அனுப்பப்பட்டபோது, ஒரு பகுதி சென்னைக்கு வந்தது. அப்போது அருங்காட்சியகக் கண்காணிப்பாளராயிருந்த கேப்டன் ஜெசி மிட்செல் 1860களின் தொடக்கத்தில் அவற்றைக் கொண்டு அருங்காட்சியகத்தின் ஓர் உறுப்பாகச் சிறு நூலகம் ஒன்றை அமைத்தார். எனவே இந்நூலகம் வாசகர் கேட்டதனால் பிறந்ததன்று. நூல்கள் வந்துவிட்டதனால் பிறந்தது. கல்லாகிய சிற்பங்களும் பாடம் செய்யப்பட்ட விலங்குகளும் பழங்காசுகளும் வந்த அதே வாயில் வழியாகவே நூல்களும் வந்தன.

முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1890 மார்ச் 22 அன்று, ஆளுநர் கன்னிமரா பிரபு தனி நூலகக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். இராபர்ட் பூர்க் என்பது அவரது இயற்பெயர். அந்தமானில் 1872இல் கொலையுண்ட வைசிராய் மேயோ பிரபுவின் தம்பி. ஐரிஷ் குடும்பத்தைச் சார்ந்த அவர், அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கன்னிமரா என்னும் நிலப்பகுதியின் பெயரைத் தம் பட்டப்பெயராகக் கொண்டார். அப்பெயர் தமிழ் நாவில் ‘கன்னிமரா’ என மெலிந்து, கன்னிமார் என்னும் நாட்டார் தெய்வங்களின் பெயரோடு ஒலியொப்பும் பெற்றுவிட்டது. அடிக்கல் நாட்டியவர் அதே ஆண்டின் இறுதியில் பதவி துறந்து சென்றார். கட்டடம் முடிவுற்று 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டபோது, ஆளுநராக இருந்தவர் சர் ஆர்தர் ஹாவ்லாக். கட்டி முடிப்பதைக் காணாதவரின் பெயரே நிலைத்தது.

மண்டபம்

கட்டடத்தை வரைந்தவர் அரசின் ஆலோசகக் கட்டடக் கலைஞரான ஹென்றி இர்வின். சிம்லாவிலுள்ள வைசிராய் மாளிகையை 1888இல் முடித்துவிட்டுச் சென்னைக்கு வந்த அவர், உயர்நீதிமன்றம், சட்டக் கல்லூரி, பின்னாளில் விக்டோரியா நினைவு மண்டபம், மைசூர் அரண்மனை எனத் தென்னிந்தியாவின் பெருங்கட்டடங்கள் பலவற்றோடு பெயர் பிணைக்கப்பட்டவர். கட்டுமானத்தை ஏற்று நடத்தியவர் நம்பெருமாள் செட்டியார். இர்வினின் வரைபடங்கள் சென்னையில் கட்டடமாக எழுந்தமைக்குப் பெரிதும் காரணமாயிருந்த ஒப்பந்தக்காரர் இவரே. உயர்நீதிமன்றமும் விக்டோரியா நினைவு மண்டபமும் இவர் கைப்பட்டவையே. ஆயினும் கட்டடக் கலை வரலாறுகளில் வரைந்தவர்க்குக் கிடைக்கும் பத்திகளும் கட்டியவர்க்குக் கிடைக்கும் வரிகளும் ஒத்த அளவின அல்ல.

இர்வினின் கட்டடங்கள் அனைத்தையும் ‘இந்தோ-சாரசனிக்’ என்னும் ஒரே சிமிழுக்குள் அடைப்பது வழக்கமாகிவிட்டது. உயர்நீதிமன்றத்தின் குமிழ்க்கூரைகளையும் தூபிகளையும் நோக்கின் அப்பெயர் பொருந்தும். கன்னிமரா மண்டபத்தின் உட்புறத்தை நோக்குவார்க்கு அப்பெயர் அரைகுறையாகவே பொருந்தும். நீண்ட உயர்கூடம், இருமருங்கும் தூண்கள் தாங்கும் வளைவுகள், வளைந்த கூரை, வண்ணக் கண்ணாடி வழியே இறங்கும் ஒளி ஆகியவை ஐரோப்பியத் தேவாலயத்தின் நடுக்கூடத்தையே முதலில் நினைவூட்டுகின்றன. வளைவுகளின் மேலும் மரவேலைப்பாட்டிலும் படர்ந்திருக்கும் அகாந்தசு இலையுரு, கிரேக்க உரோமானியத் தூண் தலைப்புகளிலிருந்து வந்தது. அவ்விலையின் இனத்தைச் சார்ந்த செடியொன்று பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் கழுதைமுள்ளி என்னும் பெயரோடு நிற்கிறது. ஆயினும் தமிழ்நாட்டுச் சிற்பியர் தம் அணிகளுக்கு அதனை நாடியவரல்லர். அவர்தம் மரபில் தூணிலும் நிலையிலும் வாயிற் சட்டத்திலும் ஓடுவது கொடிக்கருக்கு. கன்னிமராவின் பர்மாத் தேக்கில் சுருண்டோடும் இலைகளைக் காணும்போது, கொடிக்கருக்கு செதுக்கிப் பழகிய மரபொன்று வேற்று வரைபடத்திற்கு இசைந்து கொடுத்ததாகவே தோன்றுகிறது. விலங்கு முகங்களும் மலர்களும் இடையிடையே எட்டிப்பார்க்கும் அவ்வேலைப்பாட்டில் ஐரோப்பிய ஒழுங்கைவிடத் தென்னாட்டுச் செறிவு மிகுதி.

அழகைப் பற்றிய இவ்வுரை ஒருபுறமிருக்க, கட்டடத்தின் வகைமை பற்றிய வினாவே முதன்மையானது. ஐரோப்பாவில் நூலகக் கட்டடம் இருபெரும் வகைகளாகப் பிரிந்து வளர்ந்தது. முதல் வகை மண்டப நூலகம். ஒரே பெருங்கூடத்தில் சுவர் நெடுகிலும் நூற்பேழைகள் நிற்க, நடுவே வாசகர் அமர்வர். நூல்களே அக்கூடத்தின் அணி. நுழைவோர் ஒரே பார்வையில் நூற்செல்வம் முழுமையையும் காண்பர். டப்ளின் டிரினிட்டிக் கல்லூரியில் 1712க்கும் 1732க்கும் இடையே எழுந்த நீள்கூடம் இவ்வகைக்குப் புகழ்பெற்ற சான்று. இரண்டாம் வகை, நூல் வைக்கும் இடத்தையும் நூல் படிக்கும் இடத்தையும் பிரித்துவிட்டது. 1857இல் திறக்கப்பட்ட பிரித்தானிய அருங்காட்சியகத்தின் வட்ட வாசிப்பறையைச் சூழ, இரும்புச் சட்டங்களாலான நூலடுக்குகள் எழுந்தன. ஒளி கீழ்த்தளம் வரை இறங்குமாறு அவற்றின் தளங்கள் இரும்புக் கிராதிகளால் அமைந்தன. பாரிசில் இலாபுரூசுத் வடிவமைத்த தேசிய நூலகமும் அவ்வாறே தனி நூலடுக்கைக் கொண்டது. மண்டப வகையில் கட்டடம் நூலைக் காட்டுகிறது; அடுக்கு வகையில் அதனைச் சேமிக்கிறது. பெருகிவரும் அச்சு நூல்களுக்கு இரண்டாம் வகையே ஈடுகொடுக்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தெளிவாகிவிட்டது.

அத்தெளிவு ஏற்பட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் சென்னையில் எழுந்த கட்டடம் முதல் வகையைத் தழுவியது. இதனை இர்வினின் அறியாமை எனல் பொருந்தாது. அவரிடம் கேட்கப்பட்டது மண்டபமே. மாகாணத் தலைநகருக்கு ஒரு மதிப்பிடம் தேவைப்பட்டது. நூல்கள் அதற்குக் காரணமாயின.

ஒளியைப் பற்றி இங்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் 1895இலேயே மின்டிராம் ஓடத் தொடங்கியது. ஆயினும் இல்லங்களுக்கும் அலுவலகங்களுக்கும் மின்சாரம் பரவலாகக் கிடைத்தது அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னரே. ஆகவே 1896ஆம் ஆண்டின் நூலகம் பகலொளியால் இயங்கும் நூலகம். உயர்ந்த கூரையும் மேற்புறக் கண்ணாடியும் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. நடுவே அமர்ந்திருப்பவரின் மேசைக்கு ஒளியைக் கொண்டுவரவும், கோடையில் வெப்பக் காற்று தலைக்கு மேல் எழுந்து தங்கவும் அவ்வுயரம் வேண்டியிருந்தது. ஆயின் பகலொளியை நம்பும் நூலகம் பகலில் ஓய்வுள்ளவருக்கே உரிய நூலகம். பகல் முழுவதும் அலுவலகத்திலோ பட்டறையிலோ பள்ளியிலோ இருப்பவர், நூலைத் தேடி வரும் நேரத்தில் மண்டபம் இருண்டிருக்கும்.

அருங்காட்சியகத்தின் நிழல்

புதிய கட்டடம் எழுந்த பின்னரும் நூலகம் தனி நிறுவனமாகவில்லை. அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரே நூலகத்தின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். 1885 முதல் அப்பதவியிலிருந்த எட்கர் தர்ஸ்டனின் காலத்தில்தான் மண்டபம் கட்டித் திறக்கப்பட்டது. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளாக 1909இல் வெளிவந்த நூலால் தமிழறிஞர் அவரை அறிவர். மக்களின் மண்டையோட்டையும் மூக்கையும் அளந்து அட்டவணைப்படுத்திய அம்முயற்சிக்கும், சிற்பத்தையும் சங்கையும் காசையும் பேழையிலிட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டிய பணிக்கும் களம் ஒரே வளாகம். நூல்களையும் அக்கண்ணோட்டமே ஆண்டது என்று கூறுவது மிகையாகாது. நூலகத்துக்கென முழுநேர நூலகர் ஒருவர் அமர்த்தப்பட்டது 1939இலேதான். அதாவது மண்டபம் திறந்து நாற்பத்துமூன்று ஆண்டுகள் அது அருங்காட்சியகத்தாரின் மேற்பார்வையில் இருந்தது.

வளாகத்தின் அமைப்பும் இதனையே காட்டுகிறது. நூலகத்தோடு ஒரே காலத்தில் எழுந்த அருங்காட்சியக அரங்கு இத்தாலியப் பாணியின் சாயலுடையது. சொற்பொழிவுக்கென அமைந்தது. இவ்விரண்டோடும் ஒரு கோபுரமும் எழுந்திருந்தது. சுமார் 200 அடி உயரமிருந்த அக்கோபுரம் உறுதியற்றதெனக் கண்டறியப்பட்டு 1897இல், நூலகம் திறந்த மறு ஆண்டே, இடிக்கப்பட்டது. பின்னர் 1909இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபம் இளஞ்சிவப்புக் கல்லால் முகலாயச் சாயலில் எழுந்து, இன்று பாந்தியன் சாலையில் செல்வோரின் கண்ணை முதலில் ஈர்க்கிறது. சாலையிலிருந்து நோக்குவார்க்கு நூலகம் தன்னை அறிவித்துக்கொள்வதில்லை. நூலகத்தின் பெருமிதம் முழுவதும் உட்புறத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே வருவதற்குத் துணிந்தவருக்கே அது புலப்படும்.

தமிழ் மரபு இதற்கு முற்றிலும் வேறானது எனக் கொள்ளுதலும் பிழையாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் சிதம்பரம் கோயிற் கல்வெட்டு சுவடிச்சாலையைச் சரசுவதி பண்டாரம் என்று குறிக்கிறது. பண்டாரம் என்பது கருவூலம். பொன்னும் மணியும் இருக்கும் இடத்துக்குரிய சொல்லே சுவடி இருக்கும் இடத்துக்கும் ஆயிற்று. தஞ்சைச் சரசுவதி மகாலும் அரண்மனைக்குள் இருந்து 1918இலேயே பொதுமக்களுக்குரியதாயிற்று. ஆகவே நூலைக் காக்கத்தக்க செல்வமாகக் கருதும் மனப்பான்மை ஆங்கிலேயர் கொணர்ந்ததன்று. அவர்கள் கொணர்ந்தது, அச்செல்வத்தை அனைவரும் காணுமாறு ஒரு கூடத்தில் நிறுத்திவைக்கும் வழக்கமே. காணுதல் வேறு, எடுத்துப் படித்தல் வேறு.

எட்டும் உயரம்

இவ்வேறுபாட்டை அறிவியலாக்கியவர் இக்கட்டடத்தோடு தொடர்புடையவர் என்பது இதன் வரலாற்றில் மிகச் சுவையான செய்தி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகம் தனக்கெனக் கட்டடமின்றி நெடுநாள் கன்னிமரா வளாகத்தில்தான் இயங்கியது. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த சீர்காழி இரா. அரங்கநாதன் 1924 சனவரியில் அப்பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். வருவார் குறைவாகவும் செய்யத்தக்க பணி மிகக் குறைவாகவும் இருந்த நூலகம் அவருக்குச் சலிப்பூட்டியது. மீண்டும் வகுப்பறைக்கே அனுப்புமாறு அவர் கேட்டுக்கொண்டதும், இங்கிலாந்து சென்று பயிற்சி பெற்று வந்த பின்னர் முடிவு செய்யலாம் எனக் கூறி அவரை அனுப்பிவைத்ததும் பலரும் அறிந்தவை. 1925இல் திரும்பியவர் நூலகத்தை விட்டு அகலவே இல்லை.

1931இல் சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக வந்த அவரது நூலகவியலின் ஐந்து விதிகள் பற்றிய நூல், நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை என்னும் விதியோடு தொடங்குகிறது. அவ்விதியை விளக்கும்போது அவர் எடுத்துக்கொள்ளும் சான்றுகள் பெரிதும் கட்டடம் சார்ந்தவை. நூலகம் ஊரின் எப்பகுதியில் இருத்தல் வேண்டும், எந்நேரம் திறந்திருத்தல் வேண்டும், பேழை எவ்வளவு உயரம் இருத்தல் வேண்டும், பேழைகளின் இடைவழி எவ்வளவு அகலம் இருத்தல் வேண்டும் என்பன அவர் வினாக்கள். நூல்களைக் காத்தலே நோக்கமாயின் பேழை கூரை வரை உயரலாம். பயன்படுத்தலே நோக்கமாயின் தரையில் நிற்கும் சராசரி உயரமுள்ளவரின் கைக்கு எட்டுவதே பேழையின் எல்லை என்பது அவர் துணிபு. ஒரு நூலகத்தின் கொள்கையை அறிய அதன் விதிமுறைகளைப் படிக்க வேண்டுவதில்லை. மேல்தட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது எனப் பார்த்தாலே போதும் என்று இதனை விரித்துரைக்கலாம்.

அரங்கநாதன் கன்னிமரா மண்டபத்தைப் பெயர்சுட்டிச் சாடினார் என்பது இங்குக் கூற்றன்று. ஆயின் அவர் மாற்ற விழைந்த நூலகம் எத்தகையது என்பதற்கு அவர் பணி தொடங்கிய வளாகமே அண்மைச் சான்றாக நிற்கிறது. பல்கலைக்கழக நூலகம் அவ்விடத்தை விட்டு நீங்கி, 1936இல் சேப்பாக்கத்தில் தனக்கென எழுந்த கட்டடத்திற் குடியேறியது. அதன் வெளித்தோற்றத்தில் பழைய பாணியின் சாயல் நீடித்தாலும், உள்ளமைப்பு வாசகர் நடந்து சென்று நூலைத் தாமே எடுக்கும் முறைக்கு இசைந்தது.

அதே 1931ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர்தோறும் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். தொடங்கி வைத்தவர் அரங்கநாதனே. நூலகக் கட்டடக் கலை பற்றிய கட்டுரையில் மாட்டுவண்டிக்கு என்ன இடம் என வினவலாம். கூரையும் சுவரும் பேழையும் சக்கரத்தின் மேல் ஏறி வாசகரின் வாசலுக்கு வந்த கட்டடம் அது. அதன் பின்னர்த் தமிழகத் தெருமுனைகளில் கீற்றுக் கொட்டகையிலும் ஓட்டுக் கூரையின் கீழும் தோன்றிய படிப்பகங்களும் அவ்வினத்தவையே. ஒரு பலகை, இரு நாளிதழ், மாலையில் ஒரு விளக்கு என்பதே அவற்றின் அமைப்பு. ஒருவர் படிக்கப் பலர் கேட்ட அவ்விடங்களில் எழுத்தறியாதவரும் வாசகராயினர். மண்டபத்தின் அமைதியில் அதற்கு இடமில்லை.

சட்டமும் சுவரும்

விடுதலைக்குப் பின்னர் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமாகும். சொத்துவரியோடு நூலக வரியையும் சேர்த்துத் தண்ட அது வழிசெய்தது. வீட்டுக்கு வரி செலுத்துவோர் அனைவரும் நூலகத்தின் உரிமையாளராயினர். அச்சட்டத்தின்கீழ் 1950 ஏப்ரல் 1 முதல் கன்னிமரா மாநில மைய நூலகமாயிற்று. தொடர்ந்து, நூல் வழங்கல் பற்றிய 1954ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டிய நூலகங்களுள் ஒன்றாக 1955இல் அது அறிவிக்கப்பட்டது.

இச்சட்டத்தின்படி நூல் பெறும் நூலகங்கள் நான்கு. கொல்கத்தாவின் தேசிய நூலகம், சென்னையின் கன்னிமரா, மும்பையின் மைய நூலகம், பின்னர்ச் சேர்ந்த தில்லிப் பொது நூலகம் என்பன அவை. இவற்றின் கட்டடங்களை ஒப்புநோக்குதல் பயன்தரும். கொல்கத்தாவில் 1953இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தேசிய நூலகம், வங்கத்தின் துணைநிலை ஆளுநர் வாழ்ந்த பெல்வெடியர் மாளிகையில் குடியேறியது. நடனக்கூடம் வாசிப்பறையாயிற்று. மும்பை நூலகம் 1833இல் கட்டி முடிக்கப்பட்ட டவுன் ஹாலின் தோரியத் தூண்களுக்குப் பின்னே இருக்கிறது. தில்லி நூலகம் 1951இல் யுனெஸ்கோ துணையோடு, பழைய தில்லி இரயில் நிலையத்தின் எதிரே வேறு பயனுக்காக முன்பே எழுந்திருந்த கட்டடத்தில் தொடங்கியது. நான்கனுள் நூலகமாகவே வரைந்து நூலகமாகவே கட்டப்பட்ட பழங்கட்டடம் கன்னிமரா ஒன்றே. பிற மூன்றும் மாளிகையையும் மன்றத்தையும் நூலுக்கு இணக்கிக்கொண்டவை.

அங்ஙனமாயின் கன்னிமராவுக்கே இடர் குறைவாக இருந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்தது அதுவன்று. மாளிகையின் அறைகளைத் தடுத்தும் அடுக்கியும் மாற்றலாம். ஒரே நோக்குக்காக நுணுகி இழைக்கப்பட்ட கூடத்தில் ஒரு பேழையைக் கூடுதலாக வைத்தாலும் அதன் அமைதி குலைகிறது. மண்டப நூலகத்தின் கொள்ளளவு அதன் சுவரின் நீளத்தால் வரையறுக்கப்பட்டது. சட்டமோ எல்லையின்றி நூல்களை அனுப்புகிறது. டப்ளின் நீள்கூடத்துக்கும் இதே நிலை முன்னரே நேர்ந்தது. 1801 முதல் பிரித்தானியத் தீவுகளில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் உரிமை அதற்குக் கிட்டியது. அரை நூற்றாண்டில் பேழைகள் நிறைந்தன. 1860இல் அதன் தட்டைக் கூரையை நீக்கி, மரத்தாலான வளைகூரையாக உயர்த்தி, மேலே மற்றொரு பேழை வரிசைக்கு இடங்கண்டனர். இன்று காண்போர் வியக்கும் அவ்வளைகூரை, நூல்வெள்ளத்துக்குக் கட்டடம் கொடுத்த விடை. சென்னையில் கூரை ஏற்கெனவே வளைந்திருந்தது, உயர்த்துவதற்கு ஒன்றுமில்லை.

எனவே விடை வெளியே தேடப்பட்டது. 1970களின் முற்பகுதியில் பழைய கட்டடத்தை ஒட்டி அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. 1990களின் இறுதியில் மற்றொன்று சேர்ந்தது. இரவல் பிரிவு, இதழ்ப் பிரிவு, பாடநூல் பிரிவு, போட்டித் தேர்வுக்குப் படிப்போர் அமரும் இடம் ஆகிய அனைத்தும் இப்புதிய பகுதிகளுக்கே உரியவாயின. அவை அழகுக்காக எவராலும் புகழப்படாதவை. நேர்க்கோட்டுச் சாளரம், சிமெண்ட்டுத் தளம், இரும்புப் பேழை, மின்விசிறி என்பனவே அவற்றின் இலக்கணம். ஆயினும் அரங்கநாதன் கேட்ட எட்டும் உயரத்துப் பேழைகள் அங்கேதான் உள்ளன. காலையில் வாயில் திறக்குமுன் வரிசையில் நிற்கும் இளைஞர் விரைந்து ஏறுவது அப்படிகளிலேதான். கட்டடக் கலை வரலாறு அவற்றை ‘இணைப்பு’ என்று குறித்துக் கடந்துவிடுவது முறையன்று. நூலகத்தின் பயன்பாட்டு வரலாற்றை எழுதின், அவையே நூலகம், பழைய மண்டபமே இணைப்பு எனத் தலைகீழாக எழுத வேண்டியிருக்கும்.

ஒளியும் தாளும்

மண்டபம் பயனற்றுப் போயிற்று என்பது இதன் பொருளன்று. புதிய கட்டடங்கள் எழுந்த பின்னர்ப் பழைய கூடம் பெரிதும் பழைய நூல்களின் காப்பிடமாயிற்று. புத்தக நாள், நூலக வார விழா போன்ற வேளைகளில் பொதுமக்கள் பார்வைக்கு அது திறந்துவிடப்பட்டதும் உண்டு. அப்போது வருவோர் அண்ணாந்து கூரையை நோக்குவர், நூலை எடுப்பதில்லை. 1896இல் வரைபடத்தில் எழுதப்பட்ட கருத்து, நூறாண்டுகளுக்குப் பின் முழுமையாக நிறைவேறியது போலும். நூலக மண்டபம் நூலகத்தின் அருங்காட்சியகமாயிற்று.

தமிழாய்வுக்கு இதனால் விளைவது என்ன என்பது எளிய வினா அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அச்சான நூல்களின் தாள், அதற்கு முந்திய கந்தல்துணித் தாள் போன்றதன்று. மரக்கூழிலிருந்து செய்யப்பட்ட அத்தாளில் தங்கிய அமிலம் நாளடைவில் தாளையே அரிக்கிறது. மடித்தால் ஒடிகிறது, விளிம்பு உதிர்கிறது. குசிலிக்கடைச் சிறுநூல்கள், நாடகப் பிரதிகள், கண்டனத் துண்டறிக்கைகள், சாதி வரலாறுகள், முதல் தலைமுறை நாவல்கள் எனத் தமிழ்ச் சமூக வரலாற்றுக்கு இன்றியமையாதன பலவும் இத்தாளில் அச்சானவையே. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தொகுப்பு 1994இல் ஆய்வு நூலகமாகி நுண்படமாக்கத் தொடங்கிய பின்னர் ஆய்வாளருக்கு ஒரு மாற்றுவழி கிடைத்தது. ஆயினும் ஒரு தொகுப்பில் உள்ளது மற்றொன்றில் இல்லை. சில நூல்களைப் பொறுத்தவரை எஞ்சியிருக்கும் ஒரு படி எங்கே நிற்கிறது என்பதே ஆய்வின் தொடக்கம்.

இங்குத்தான் கட்டடத்தின் பழைய நற்பண்பு ஒன்று தீங்காகிறது. நூலடுக்கு இருளை விரும்பும். மண்டபம் ஒளியை விரும்பும். ஒளிபடும் தாள் விரைந்து பழுப்பேறுகிறது. அமிலத் தாளாயின் இன்னும் விரைந்து நலிகிறது. கடற்கரை நகரின் ஈரக்காற்று உயர்ந்த கூடத்தில் தடையின்றி உலவுகிறது. நூலைக் காக்க வேண்டின் சாளரங்களை மறைத்தல் வேண்டும், காற்றைக் கட்டுப்படுத்தல் வேண்டும். அங்ஙனம் செய்யின் இர்வினின் கூடம் தன் உயிரை இழக்கிறது. கட்டடத்தைப் பேண வேண்டின் ஒளியை அதன் போக்கில் விடுதல் வேண்டும். அங்ஙனம் செய்யின் நூல் நலிகிறது. நூல்களை வேறிடத்துக்கு மாற்றி வெறுங்கூடத்தைக் காட்சிக்கு விடுதல் மூன்றாம் வழி. கொல்கத்தாவில் பெல்வெடியர் மாளிகையிலிருந்து நூல்கள் வளாகத்துக்குள் புதிய பாஷா பவனுக்கு மாற்றப்பட்டமை இவ்வழிக்குச் சான்று. ஆயின் பெல்வெடியர் நூல் வருவதற்கு முன்பும் மாளிகையாக இருந்தது. நூல் நீங்கிய பின்னும் மாளிகையாக நிற்கும். கன்னிமராவின் தேக்குப் பேழைகளை வெறுமையாக்கினால் எஞ்சுவது எதற்கும் உரியதன்று.

மண்டபத்தைப் பேணுவது பற்றிய உரையாடல்களில் மரபுக் கட்டட ஆர்வலரும் பொறியாளரும் பேசுகின்றனர். அப்பேழைகளில் நிற்கும் நூல்கள் எவை, அவற்றுள் வேறெங்கும் படியில்லாதவை எத்தனை, அவை எந்தத் தட்டில் எந்தச் சாளரத்தின் எதிரே நிற்கின்றன என்பதைக் கூறத்தக்கவர் தமிழறிஞரும் நூலகருமே. பேழைவாரியாக நூல்களின் நிலையையும், சாளரவாரியாக ஒளி விழும் நேரத்தையும் குறிக்கும் ஒரு விளக்கப் பட்டியல் உருவாக்கப்படின், எந்த நூலை முதலில் எடுத்து மின்வடிவாக்குவது, எந்தச் சாளரத்துக்கு முதலில் திரையிடுவது என்பதை முடிவு செய்ய இயலும். அப்பட்டியலுக்கு வேண்டுவன ஓர் அளவுகோலும் கடிகாரமும் பழந்தமிழ் அச்செழுத்தை விரைந்து படிக்கத் தெரிந்த இருவரும் ஓராண்டின் பகற்பொழுதுமே.